நாலு நிமிஷச் சாப்பாடு

1

மைசூருக்கு வந்து பத்தொன்பது வருஷம் முடிந்த அதே வாரத்தில், கம்பெனி டாக்டர் என்னை எடை மிஷின்மேல் ஏற்றி, இறக்கி, மறுபடியும் ஏற்றினார். முதல் தடவை காட்டிய எண்ணை அவர் நம்பவில்லை. இரண்டாம் தடவை செருப்பைக் கழற்றச் சொன்னார். செருப்பு இல்லாமலும் தொண்ணூற்று நாலு கிலோதான். பெண்ணாகரம் பக்கத்து ஊரிலிருந்து நான் கிளம்பியபோது இதில் பாதி இருந்திருப்பேன்.

நான் பஸ் டிரைவர். நஞ்சன்கூடு ரோட்டில் இருக்கிற ஒரு பேக்டரிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை. ஒன்பது வருஷமாக ஒரே ரூட், மைசூர் டவுனிலிருந்து பேக்டரி, பேக்டரியிலிருந்து டவுன். வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் ஸ்டியரிங்கைத் தொட முடியும். இதுவரை யாரும் என் உடம்பைப் பற்றிக் கேட்டதில்லை. கண்ணைப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். இந்த வருஷம் புதிய டாக்டர் வந்திருக்கிறார். அவர் ரத்தம் எடுத்தார்.

சர்க்கரை வெறும் வயிற்றிலேயே இருநூறைத் தாண்டியிருந்தது. டாக்டர் கன்னடத்தில்தான் பேசுவார், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"செல்வராஜ், மதியம் சாப்பிட்ட பிறகு தூக்கம் வருமா?"

"இல்ல சார்."

"சாப்பிட எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வீர்கள்?"

ஐம்பது வயதாகப் போகிறது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள், எங்கே சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்ட முதல் ஆள் இவர்தான்.

மாத்திரை எழுதினார். எடையும் சர்க்கரையும் இறங்க மூன்று மாதம் கொடுத்தார். இறங்காவிட்டால் 'தகுதி இல்லை' என்று எழுதுவதைத் தவிர வழியில்லை என்றார். அப்படி எழுதினால் எனக்கு பேக்டரியில் வேறு வேலை இல்லை. ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு என்ன வேலை இருக்கும்? வாசலில் நிற்கிற வேலைக்குக்கூட இப்போது பத்தாவது கேட்கிறார்கள்.

கிளம்பும்போது அவர் கடைசியாகச் சொன்னது மூன்று வார்த்தை. "நிதானவாகி ஊட்டா மாடி." நிதானமாகச் சாப்பிடுங்கள். மாத்திரைக்குச் சீட்டு இருந்தது, மருந்துக் கடை இருந்தது. இதை எந்தக் கடையில் வாங்குவது என்று அவர் சொல்லவில்லை.

2

நான் ஏன் வேகமாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பெரிய கதை ஒன்றும் இல்லை.

பதினாறு வயதில் போர்வண்டியில் ஏறினேன். ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி. திருச்செங்கோட்டில் கிளம்பினால் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆறு மாதம், எட்டு மாதம் கழித்துத்தான் திரும்பும். அங்கே மிஷின் நிற்கக் கூடாது. இருபதடி இரும்பு ராடு ஒன்று பூமிக்குள் இறங்கும். அது இறங்கி முடித்ததும் அடுத்த ராடை மாட்ட ஆள் நிற்க வேண்டும். அந்த ஒரு ராடு இறங்குகிற நேரம்தான் சாப்பாட்டு நேரம். கெட்டிப் பாறையாக இருந்தால் பத்து நிமிஷம் கிடைக்கும். மண் லேசாக இருந்தால் சோறு சட்டியில் இருக்கும்போதே மேலிருந்து கூப்பிடுவார்கள். போகும்போது வாயில் இருப்பதுதான் கணக்கு. திரும்பி வருவதற்குள் மாவு மாதிரிப் பாறைத் தூசி தட்டில் படிந்திருக்கும். அதையும் தின்றிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

பன்னிரண்டு வருஷம் அப்படிப் போனது. அதற்குப் பிறகு லாரி, அதற்குப் பிறகு இந்த பஸ். சாப்பிடும் முறை மட்டும் மாறவில்லை.

ஊரில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். என் சர்க்கரை விஷயம் எப்படியோ அங்கே போய்விட்டது. மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு செய்தி. நம் முன்னோர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொறுமையாக மென்று, நூறு வயது இருந்தார்கள் என்று. அனுப்புகிறவன் என் சித்தப்பா மகன். அவனும் நானும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அந்த வீட்டில் ஆறு பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு சட்டி. மெதுவாகச் சாப்பிட்டவனுக்கு இரண்டாம் தடவை கிடையாது. இவனே என் தட்டிலிருந்து கருவாட்டை எடுத்து ஓடியவன். இன்றைக்கு அவன் எனக்குப் பொறுமையைப் பற்றி அனுப்புகிறான், கீழே ஒரு தாமரைப் படத்தோடு.

3

இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது "ஊட்டா ஆய்த்தா?" சாப்பாடு ஆயிற்றா. பகல் பதினொரு மணிக்கும் கேட்பார்கள், மாலை நாலு மணிக்கும் கேட்பார்கள். "ஆய்த்து" என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டியதுதான். பத்தொன்பது வருஷமாக ஆயிரக்கணக்கான தடவை ஆய்த்து, ஆய்த்து என்று சொல்லியிருக்கிறேன். ஆக வேண்டிய ஒரு வேலை, அது ஆகிவிட்டது. சாப்பாட்டைப் பற்றி எனக்கு இருந்த நினைப்பு அவ்வளவுதான்.

அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். நான், என் மனைவி மாதம்மா, மகள் பவித்ரா. மாதம்மா ஹனூர்ப் பக்கம். மாதேஸ்வரன் மலைக்குப் போன இடத்தில்தான் பெண் பார்த்தார்கள். பவித்ரா பியூசி படிக்கிறாள், நம் ஊர் பிளஸ் டூ மாதிரி. தமிழ் பேசுவாள், எழுத்துத் தெரியாது. நான் எழுதுகிற இதை அவளால் படிக்க முடியாது என்பதால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

டாக்டர் சொன்னதை வீட்டில் சொன்ன அன்றைக்கே பவித்ரா போனை எடுத்து என் எதிரில் வைத்தாள். நான் சாப்பிட்டுக் கை கழுவியதும் நிறுத்தினாள்.

"நாலு நிமிஷம் பத்து செகண்ட். அப்பா, பெல் அடிச்சாகூட எங்க காலேஜ்ல யாரும் இவ்ளோ பேகா தின்னமாட்டாங்க."

பேகா என்றால் சீக்கிரம்.

"தண்ணி குடிச்ச நேரத்தையும் சேர்த்துட்ட."

"தண்ணிய கழிச்சா மூணே முக்கால். பெருமையா?"

எங்கள் வீட்டில் மெதுவாகச் சாப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் சாப்பிடுவாள். என்ன குழம்பு என்று கேட்டால் தட்டைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வாள்.

மாதம்மாவுக்கு டாக்டர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. சர்க்கரை என்ற சொல் விழுந்தது. உடனே சோற்றை நிறுத்தினாள்.

"ஏனுங்க, இனிமே களிதான் உங்களுக்கு. எங்கூர்ல களி தின்னவன் எவனுக்காவது சர்க்கரை வந்திருக்குதா?"

"மெதுவா சாப்பிடச் சொன்னாரு."

"களி தின்னுங்க. எல்லாம் சரியாப் போயிரும்."

ராகிக் களி எனக்குப் புதிதில்லை. பெண்ணாகரத்திலும் அதுதான், ஹனூரிலும் அதுதான். மைசூர்க்காரர்களும் முத்தே என்று அதைத்தான் சாப்பிடுகிறார்கள். ஆகையால் நானும் நிம்மதியானேன். கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று பேர், பேக்டரியில் டிரைவர்கள் பதினொரு பேர், இத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

களியை யாரும் மெல்வதில்லை. விரலால் கிள்ள வேண்டும், குழம்பில் உருட்ட வேண்டும், நாக்கில் வைத்தால் அதுவே வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். மென்றால் பல்லிலும் ஈறிலும் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள், டாக்டர் சொன்னாரே என்று மென்று பார்த்தேன். மாதம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"மெல்றேன்."

"களிய மென்னு திங்கறத இன்னிக்குத்தான் பாக்கறேன். எங்கண்ணன் முன்னாடி இப்படிச் செஞ்சு வெச்சிராதீங்க. எனக்குத்தான் அவமானம்."

அதோடு விட்டேன். இரண்டு உருண்டை, ஒவ்வொன்றும் என் கைப்பிடிக்கு மேல் இருக்கும். இரண்டும் மூன்று நிமிஷத்தில் உள்ளே போகும். சோற்றைவிட ஒரு நிமிஷம் மிச்சம்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் எடை பார்த்தார். தொண்ணூற்று ஆறு.

"என்ன சாப்பிடுகிறீர்கள்?"

"முத்தே சார். சோறே தொடறதில்ல."

"எத்தனை?"

"ரெண்டு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கக் கூடாது என்று இருந்தது அவர் முகம். கொஞ்ச நேரம்தான் தாங்கியது.

"மெதுவாகச் சாப்பிடு என்றேன். உலகத்தில் மெல்லாமல் விழுங்குகிற ஒரே சாப்பாட்டைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள்."

"மென்னு சாப்பிடலாமா சார்?"

"நானே மெல்வதில்லையே. எங்கள் வீடு மண்டியா. மென்றால் எங்கம்மா எழுந்து போய்விடுவார்கள்."

பிறகு அவர் விளக்கினார். வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தி தலைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்குமாம். பதினைந்து நிமிஷம், இருபது நிமிஷம்கூட ஆகுமாம். எனக்கு அது சட்டென்று புரிந்தது. பின் சீட்டுக்காரர் இறங்க வேண்டும் என்று குரல் கொடுக்கிறார். அது என் காதில் விழுவதற்குள் நான் இரண்டு ஸ்டாப் தாண்டிவிடுகிறேன். ஒவ்வொரு வேளையும் இரண்டு ஸ்டாப். முப்பது வருஷமாக.

"களியோ சோறோ, பாதி அளவு. ஆனால் இருபது நிமிஷம் தட்டு முன்னால் உட்காருங்கள். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது."

4

உட்காரலாம். எங்கே உட்காருவது, எப்போது உட்காருவது?

என் மதிய நேரம் இப்படி. இரண்டாம் ஷிப்ட் ஆட்களை ஒன்று முப்பத்தைந்துக்கு பேக்டரியில் இறக்க வேண்டும். முதல் ஷிப்ட் ஆட்களை இரண்டே காலுக்கு ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். நடுவில் நாற்பது நிமிஷம் இருக்கிறது என்று டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் சுவரில் ஒட்டிய தாளில் எழுதியிருக்கிறது. வாசலில் செக்யூரிட்டி வண்டிக்கு அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்க்க ஏழு நிமிஷம். லாக் புத்தகத்தில் கிலோமீட்டர் எழுதி, சூப்பர்வைசரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க ஐந்து நிமிஷம். கேன்டீன் வரிசை பத்து நிமிஷம். டயர் பார்த்து, வண்டியைத் திருப்பி, வரிசையில் கொண்டுவந்து நிறுத்தப் பத்து நிமிஷம். மீதியில் ஒருவன் சாப்பிட வேண்டும்.

என்னோடு சாப்பிடுகிற டிரைவர் மாதேவண்ணா, நஞ்சன்கூட்டுக்காரர். ஒரு நாள் நான் இருபது நிமிஷம் உட்காரப் பார்த்தேன். எட்டாவது நிமிஷத்தில் அவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் குரு, முள்ளு மாட்டிக்கிச்சா?" குரு என்பது இந்த ஊரில் கூட்டாளியைக் கூப்பிடுவது.

"டாக்டர் மெதுவா சாப்பிடச் சொன்னாரு, மாதேவண்ணா."

"சொல்வாரு. அவருக்கு ஏசி ரூம். நீ இங்க மென்னுக்கிட்டு இரு, உன் வண்டிய நான் ஓட்டறேன், என் வண்டிய யாரு, உன் டாக்டர் ஓட்டுவாரா?"

அவர் தப்பாகச் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். எல்லோரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். டாக்டர் சொல்வது சரி, மாதேவண்ணா சொல்வது சரி, சுவரில் இருக்கிற தாளும் சரி. என் வயிறு ஒன்றுதான் தப்பு.

இரண்டு மூன்று நாள் இன்னொரு வழி பார்த்தேன். மதியம் சாப்பிடாமல் இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய் நாலு மணிக்கு உட்கார்ந்தேன். அந்தப் பசியில் நிதானம் எங்கே இருக்கும்? பவித்ரா போனை எடுக்கும் முன்பே தட்டு காலி.

5

இது நான் வெளியில் சொல்லாத விஷயம். இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் மாதத்தின் தொடக்கத்தில் ஒரு மதியம். வழக்கம்போல் கேன்டீனில் அவசரமாக இறக்கிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். உள்ளே நாற்பத்திரண்டு பேர். நல்ல வெயில், ரோடு நேராகப் போகிறது. டாக்டர் கேட்டபோது தூக்கம் வராது என்று சொன்னேன் அல்லவா, அது பொய். தினமும் வரும். கன்னத்தைக் கிள்ளிக்கொள்வேன், ஜன்னலைத் திறப்பேன், பாக்குப் போடுவேன். அன்றைக்கு அதெல்லாம் செய்த பிறகும் ஒரு கணம் ரோடு இல்லை. சக்கரம் ஓர மண்ணில் இறங்கிய சத்தம் கேட்டது. திருப்பிவிட்டேன். வண்டி லேசாக ஆடி நேரானது. பின்னால் எல்லோரும் தூக்கத்தில் இருந்தார்கள்.

முன் சீட்டில் ஒரு பெண் உட்காருவாள். பேக்கிங் பிரிவில் வேலை. இரண்டு வருஷமாக அதே சீட். என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் தூங்கவில்லை. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "அண்ணா, டீ குடிச்சிட்டுப் போலாமா?"

கம்பெனி வண்டியை வழியில் நிறுத்தக் கூடாது என்பது விதி. அவளுக்கும் தெரியும். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று அவள் போனில் பேசிக் கேட்டிருக்கிறேன். ஒரு நிமிஷம் தாமதமானாலும் வாட்சைப் பார்க்கிறவள். அவளுக்கு டீ வேண்டியதில்லை.

அடுத்த கடையில் நிறுத்தினேன். பின்னால் இருந்தவர்கள் எழுந்து, ஏன் என்று கேட்காமல் இறங்கி டீ குடித்தார்கள். நான் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் தன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதுவரை வேலை போய்விடுமே என்ற பயம்தான் எனக்கு இருந்தது. அன்றைக்குத்தான் வேலை போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்ற பயம் வந்தது.

6

ரூட் மாற்றிக் கேட்பது என்று முடிவு செய்தேன். அதற்கு ஒரு விண்ணப்பப் பாரம் உண்டு, கன்னடத்தில். பஸ் போர்டு படிக்கும் அளவுக்கு எனக்குக் கன்னட எழுத்துத் தெரியும், எழுத வராது. பவித்ராவை உட்கார வைத்தேன். பெயர், எண், வண்டி எண் எல்லாம் எழுதினாள். 'காரணம்' என்ற கட்டம் வந்தது.

"வீட்டுல பிரச்சினைன்னு எழுது."

"என்ன பிரச்சினை?"

"எழுதும்மா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"சாப்பிட டைம் பத்தலைன்னு எழுதறேன்."

"ஒரு ஆம்பள, சாப்பிட நேரம் வேணும்னு எழுதிக் கேட்பானா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் அப்பா. அதானே நிஜ?"

எழுதிவிட்டாள். கட்டத்துக்குள் மூன்று வரி. படித்துக் காட்டு என்றேன். காட்டாமல் மடித்துக் கையில் கொடுத்தாள்.

டிரான்ஸ்போர்ட் ஆபீசர் அதை இரண்டு தடவை படித்தார். முதல் தடவை மனத்துக்குள். இரண்டாவது, பக்கத்து மேஜைக்காரருக்குக் கேட்கும்படி.

"சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை. சாப்பிட்ட உடனே வண்டி ஓட்டினால் தூக்கம் வருகிறது. என் வண்டியில் நாற்பது பேர் இருக்கிறார்கள்." தாளிலிருந்து நிமிர்ந்தார். "யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

தூக்கத்தைப் பற்றி நான் பவித்ராவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்துக் கை ஈரம் காயும் முன் நான் உட்கார்ந்த இடத்திலேயே தூங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

"ஊட்டக்காக யாரும் ரூட் மாத்திக் கேட்டதில்லைப்பா. இத நான் பைல் பண்ணினா உன்னை வண்டியிலிருந்து இறக்கணும், தெரியுமா?"

"தெரியும் சார்."

கொஞ்ச நேரம் தாளை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "குண்டலுபேட்டை போறியா? யாரும் போகமாட்டேங்கறாங்க."

யாரும் போகாததற்குக் காரணம் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும். முதல் ஷிப்ட்டை இறக்கியதும் பேக்டரி வாசலில் நிறுத்த இடமில்லை என்று வெறும் வண்டியைக் குண்டலுபேட்டைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே மதியம் பன்னிரண்டரை வரை சும்மா நிற்க வேண்டும். டிரைவர்களுக்குச் சும்மா நிற்பதைப் போல வெறுப்பு வேறில்லை. எனக்கும்தான். ஒப்புக்கொண்டேன்.

காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு புளியமரத்தடியில் வண்டியைப் போடுவேன். கேரளாவுக்குப் போகிற லாரிகளில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். பதினொரு மணிக்கு நடு சீட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பேன். முதல் நாள் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, மீதி எண்பத்தைந்து நிமிஷம் என்ன செய்வது என்று தெரியாமல் வண்டியைக் கழுவினேன். இரண்டாம் நாளும் கழுவினேன். கழுவுவதற்கு ஒன்றுமில்லாமல் போனபோதுதான் சாப்பாட்டை இழுக்க ஆரம்பித்தேன். டாக்டருக்காக இல்லை, பொழுது போகவில்லை. ஒரு வாய் போட்டுக்கொண்டு மூட்டை எண்ணுகிறவனைப் பார்ப்பேன். அவன் தப்பாக எண்ணி வியாபாரியிடம் திட்டு வாங்குவான். அடுத்த வாய்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் கை தானாக நின்றது. டப்பாவில் பாதி இருந்தது. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன். காய்ச்சலா, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா என்று யோசித்தேன். அப்புறம்தான் தெரிந்தது. வேண்டாம் என்று இருந்தது, அவ்வளவுதான். நான் இதுவரை வயிறு நிறைந்து எழுந்ததில்லை, தட்டு காலியாகித்தான் எழுந்திருக்கிறேன்.

மீதிச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கொட்ட மனம் வரவில்லை. கோஸ் இலை தின்ன வருகிற ஒரு மாடு ஜன்னலுக்குக் கீழே நின்றது. அதற்குப் போட்டேன். டப்பாவைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாதம்மா காலி டப்பாவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். மறுநாளும் அப்படித்தான் நடந்தது.

7

மூன்று மாதம் முடிந்தது. எடை தொண்ணூற்று ஒன்று. சர்க்கரை, இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. இந்தத் தடவை தூக்கம் வருமா என்று கேட்டபோது, வந்தது, இப்போது குறைந்திருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். டாக்டர் பேனாவை எடுத்தார். தாளில் எதையோ அடித்துவிட்டு, ஒரு வருஷத்துக்குப் பதிலாக ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

"என்ன செய்தீர்கள்?"

"குண்டலுபேட்டை போனேன் சார்."

அவருக்குப் புரியவில்லை. விளக்கவும் எனக்குப் பொறுமையில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதம்மா நாட்டுக்கோழி எடுத்தாள். வேலை தங்கியதற்காக. இரண்டு உருண்டை களி வைத்தாள், குழம்பு ஊற்றினாள். நான் கீழே உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிட்டேன். ஒரு உருண்டை முடிந்ததும் கை நின்றது.

"ஏனுங்க, நல்லா இல்லையா?"

"நல்லாருக்கு. போதும்."

"போதுமா?" குனிந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "வெளிய எங்காவது தின்னுட்டு வந்துட்டீங்களா?"

"இல்ல மாதம்மா. வயிறு ரொம்பிருச்சு."

"தெனமும் டப்பா நெறையக் கட்டிக் குடுக்கறேன், காலியாத்தானே வருது?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். மாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

பவித்ரா போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். மாதம்மா சிரிக்கவில்லை.

"ரெண்டு மணிக்கு எந்திரிச்சு நான் கிண்டற களிய குண்டலுபேட்டை மாடு திங்குதா? ஒரு மாசமா?"

"தெனமும் இல்ல. பாதிதான்."

"அந்த மாட்டுக்கே போய் புருசனா இருங்க."

திரும்பி அடுப்பைத் துடைத்தாள். நான் எழுந்திருக்கவில்லை. முன்பெல்லாம் இந்நேரம் கை கழுவிப் படுத்திருப்பேன். இப்போது உட்கார்ந்து பழகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்தாள். என் தட்டில் இருந்த உருண்டையை வீணாக்க மனமில்லாமல், என் எதிரிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் சாப்பிடுவதை நான் பார்த்ததில்லை. பரிமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கிள்ளினாள், உருட்டினாள், விழுங்கினாள். ஒரு கண் அடுப்பில், ஒரு காது குழாய்த் தண்ணீரில். போர்வண்டியில்கூட இந்த வேகத்தில் யாரும் சாப்பிட்டு நான் கண்டதில்லை.

"மெதுவாத் தின்னு, மாதம்மா."

"உங்களுக்கு என்ன, உக்காந்து பேசுவீங்க." கடைசி வாயைப் போட்டுக்கொண்டு தட்டோடு எழுந்தாள். "தண்ணி நின்னுரும். காலை நகத்துங்க, தொடைக்கணும்."